லைப்ரரி எமர்ஜென்சி கிட்: யூஸ் பண்ணிப் பார்த்துட்டு எழுதறேன்

லைப்ரரிக்குன்னே தனியா விக்கற எமர்ஜென்சி கிட் பத்தி தமிழ்ல யாரும் விவரமா எழுதி நான் பார்க்கல, அதனால நானே எழுதறேன். சக்கரம் வச்ச பெரிய பிளாஸ்டிக் தொட்டி, இறுக்கமான மூடி, மூடி மேல ஒரு சீல். பைப் உடைஞ்சு தண்ணி கொட்டினாலோ, வெள்ளம் உள்ள வந்தாலோ, தீய அணைச்சு முடிச்ச அப்புறமோ, முதல் சில மணி நேரத்துக்கு என்னென்ன தேவையோ எல்லாம் ஒரே பெட்டியில இருக்கும்னு சொல்லி விக்கறாங்க. கம்பெனி பேரு போடல, இதே மாதிரி பெட்டிய பல பேர் செய்யறாங்க, உள்ள இருக்கற சாமானும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் லைப்ரரியில வேலை பார்க்கறவ, ரேக்கும் ஸ்டாக் ரூமும் என் பொறுப்பு, இந்தப் பெட்டிய நிஜமாவே தண்ணி கொட்டினப்போ திறந்து யூஸ் பண்ணியிருக்கோம்.

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா இதோட பெரிய பிளஸ் பாயின்ட் புக்க காப்பாத்தற சாமான்ல இல்லீங்க, புக்க காப்பாத்தணும்னு பதறி உள்ள ஓடற ஆள ரெண்டு நிமிஷம் வாசல்லயே நிறுத்தி வைக்குது பாருங்க, அதுலதான் இருக்கு. லைப்ரரியில வேலை பார்க்கறவங்களுக்குத் தெரியும், நம்ம ரேக் மேல தண்ணி கொட்டுதுன்னு சொன்னா காலு தானா ஓடும், செருப்பு போட்டிருக்கோமா இல்லையான்னு கூட பார்க்க மாட்டோம். அந்த ஓட்டத்துலதான் ஆளுக்கு அடிபடும்.

மூடிய திறந்தா முதல்ல ஒரு ட்ரே வருது. கிளவுஸ், மாஸ்க், கண்ணுக்கு மூடின கண்ணாடி, தலையில மாட்டற லைட், ஏப்ரன், எல்லாம் அதுலதான். அதுக்கும் மேல லேமினேட் பண்ண ஒரு கார்டு, பெரிய எழுத்துல அஞ்சே கேள்வி: கரண்ட் கட் பண்ணியாச்சா? உள்ள போகலாம்னு பொறுப்புல இருக்கறவங்க சொல்லியாச்சா? தண்ணி எங்கேருந்து வருது? தலைக்கு மேல கூரை எப்படி இருக்கு? கூட ஒரு ஆள் இருக்காங்களா? இந்த ட்ரேய தூக்கி வெளிய வைக்காம கீழ இருக்கற ஷீட்டையோ கிரேட்டையோ எடுக்கவே முடியாது, அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. இத டிசைன் பண்ணவங்க ஈர ரூம்ல நின்னு வேலை பார்த்தவங்களாத்தான் இருக்கணும்.

அந்த அஞ்சு கேள்வியும் ஏன் முக்கியம்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா வாங்கி வச்ச பல இடத்துல அந்தக் கார்ட யாரும் படிச்சுக்கூட பார்க்கறதில்ல. தரையில தண்ணி நிக்கற ரூம்ல கரண்ட் எங்கெல்லாம் ஓடுதுன்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது. தரையோட பதிச்ச பிளக் பாயின்ட், கம்ப்யூட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர், மோட்டார்ல நகர்ற கம்பாக்டர் ரேக், இதுல ஏதாவது ஒண்ணு நனஞ்சிருந்தா போதும். மெயின் ஸ்விட்ச நிறுத்தறதுக்கு முன்னாடி யாரும் கால் வைக்கக்கூடாது, மெயின் போர்டே நனஞ்ச ரூம்ல இருந்தா அதத் தொடறது நம்ம வேலையே இல்ல, எலக்ட்ரீஷியன் வெளியிலேருந்து கட் பண்ணட்டும். அதுவரைக்கும் புக்ஸ் நனையட்டும்னு விடறது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனா நனஞ்ச புக்குக்கு இன்னும் டைம் இருக்கு.

தண்ணி எங்கேருந்து வருதுங்கற கேள்வி இன்னும் முக்கியம். குடிதண்ணி பைப் உடைஞ்சு வர்ற தண்ணின்னா சுத்தமானது, கிளவுஸ் பூட்ஸோட சமாளிக்கலாம். ஏசியிலேருந்தோ சிங்க்லேருந்தோ வர்றதுன்னா கொஞ்சம் ஜாக்கிரதை. டிரைனேஜ் அடைச்சு மேல வந்த தண்ணியோ, தெருவிலேருந்து உள்ள வந்த வெள்ளமோன்னா அது வேற கதை, அதுல கழிவு, எண்ணெய், எலி மூத்திரம் எல்லாம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும், கையில சின்னக் கீறல் இருந்தாக்கூட உள்ள போயிடும். அந்த மாதிரி தண்ணின்னா டெட்டனஸ் ஊசி போட்டவங்க மட்டும், முழங்கை வரைக்கும் கிளவுஸ், முழு ஏப்ரன், கண்ணாடியோட போகணும். அதுல நனஞ்ச புக்குல கடையில திரும்பக் கிடைக்கற காப்பி இருந்தா அத விட்டுடறதுதான் சரி, அதுக்காக ஒரு ஆள் உடம்ப கெடுத்துக்க வேண்டியதில்ல.

கூரை விஷயம் பலருக்குத் தோணாது. ஃபால்ஸ் சீலிங் டைல் தண்ணிய உறிஞ்சி கனமாகி நடு ரூம்ல தொப்புனு விழும், விழறதுக்கு முன்னாடி கீழ தொங்கிட்டு பழுப்புக் கறையா தெரியும், அத ஹெட்லைட் அடிச்சுப் பார்த்துட்டுதான் அடியில போகணும். ரேக்கும் அப்படித்தான், இறுக்கி அடுக்கின புக்ஸ் தண்ணி குடிச்சு உப்பும்போது பக்கப் பலகையவே தள்ளிடும், வரிசையோட வெளிய பிதுங்கி விழும். உப்பின ரேக் பக்கத்துல குனிஞ்சு வேலை பார்க்காதீங்க.

மாஸ்க் பத்தி ஒரு பாராட்டும் ஒரு குறையும். பாராட்டு என்னன்னா சாதா சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு ஏமாத்தாம என்95 வச்சிருக்காங்க. பூஞ்சை வந்த புக்க தொட்டுத் தூக்கும்போது பறக்கற நுண்ணிய தூள சர்ஜிக்கல் மாஸ்க் தடுக்காது, பக்கவாட்டுல காத்து உள்ள வரும். குறை என்னன்னா முகத்துல சரியா ஒட்டுதான்னு எப்படிப் பார்க்கறதுன்னு கார்டுல எங்கயும் எழுதல, தாடி இருந்தா அந்த மாஸ்க் ஒட்டவே ஒட்டாதுன்னும் சொல்லல. ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க பூஞ்சை இருக்கற ரூமுக்குள்ள போகவே கூடாது, மாஸ்க் போட்டுட்டா சரியாயிடும்னு நெனைக்கக்கூடாது, அவங்களுக்கு வெளிய லிஸ்ட் எழுதற வேலை, போன் பண்ற வேலை நிறைய இருக்கு. இந்த ஒரு வரிய கார்டுல சேர்த்தே ஆகணும். பூட்ஸ் வேற ஒரே சைஸ்ல ரெண்டு ஜோடி, அது எங்கள்ல பாதிப் பேருக்குப் பொருந்தல, நாங்க தனியா வாங்கி வச்சோம்.

இப்ப சாமானுக்கு வர்றேன். எங்களுக்கு நடந்தது மேல்மாடி பைப் விட்டுப்போய் ரேக் வரிசை மேல கொட்டினது, சுத்தமான தண்ணி, அந்த வகையில கொடுத்து வச்சவங்க நாங்க. அன்னிக்கு எல்லாத்தையும் விட அதிகமா உதவினது பிளாஸ்டிக் ஷீட். கனமான பாலிதீன், ஒரு ரேக்கோட தலையிலேருந்து ரெண்டு பக்கமும் தரை வரைக்கும் தொங்கற அளவுக்கு முன்னாடியே வெட்டி மடிச்சு வச்சிருக்காங்க, ரோலா குடுத்து நீங்களே வெட்டிக்கோங்கன்னு விடல. இது எவ்வளவு பெரிய விஷயம்னு கத்திரிக்கோல் தேடிட்டு நிக்கும்போதுதான் புரியும். ரெண்டு பேர் ஏணி வச்சு ஷீட்ட போர்த்தினோம், அதுக்கப்புறம் மேலேருந்து எவ்வளவு கொட்டினாலும் புக்ல படல. தண்ணி நின்ன உடனே ஷீட்ட எடுத்துடணும், இத மறந்துடாதீங்க, மூடியே வச்சிருந்தா உள்ள புழுங்கி பூஞ்சைக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

ஷீட்டோட வர்ற டேப் மட்டும் வேஸ்ட். நனஞ்ச இரும்பு ரேக்ல எந்த டேப்பும் ஒட்டாது, ஒட்டினாலும் நழுவும். அதுக்குப் பதிலா ஸ்பிரிங் கிளிப் ஒரு பத்து இருபது போட்டிருந்தா போதும், நாங்க ஆபீஸ்ல ஃபைலுக்குப் போடற பெரிய கிளிப்ப எடுத்து மாட்டினோம், கச்சிதமா நின்னுச்சு. வாங்கறவங்க முதல் வேலையா அத வாங்கிப் போட்டுடுங்க.

தண்ணி உறிஞ்சற நீள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு, பாம்பு மாதிரி தரையில வளைச்சு வைக்கறது, கதவு அடியில வச்சு அடுத்த ரூமுக்குத் தண்ணி போகாம தடுத்தோம், நல்லா வேலை செஞ்சது. ஆனா ஒரு தடவ ஊறிட்டா தூக்கறது ரொம்பக் கஷ்டம், ரெண்டு பேரா தூக்குங்க.

கனம்னு சொன்னதும் புக்கோட கனமும் ஞாபகம் வருது, இது கார்டுல சுத்தமா இல்ல, இருந்திருக்கணும். காகிதம் குடிக்கற தண்ணி கொஞ்ச நஞ்சமில்ல. 1840-க்கு முந்தைய புக்ஸ் தன் எடையில சராசரியா 80 சதவீதம் வரைக்கும் தண்ணி இழுக்கும், அதுக்குப் பிந்தினது 60 சதவீதம் வரைக்கும் இழுக்கும்னு இந்தத் துறையில கணக்கு சொல்வாங்க. அப்ப காய்ஞ்ச புக்ஸ் 10 கிலோ இருக்கற கிரேட் நனஞ்சா 16 கிலோ, 18 கிலோ. ஈரத் தரையில, மங்கின வெளிச்சத்துல, அத தனியா தூக்கினா முதுகு போயிடும். கிட்ல குடுத்த மடிக்கற கிரேட் நல்ல சைஸ், ஒரே வரிசை புக்ஸ்தான் கொள்ளும், மேல அடுக்க இடமில்ல, அது நல்லதுக்குத்தான். முழுசா அடைக்காம கொஞ்சம் இடம் விட்டு, புக்கோட முதுகு கீழ பார்த்த மாதிரி வச்சு, நடுநடுவுல மெழுகுத்தாள் வச்சு அடுக்கணும். மெழுகுத்தாளும் அளவா வெட்டியே குடுத்திருக்காங்க, அது இல்லாம அடுக்கினா பைண்டிங் சாயம் ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஏறி ஒட்டிக்கும்.

முதல்ல நடக்கற வழியில தரையில கிடக்கறத எடுங்க, மிதிச்சு வழுக்கி விழாம இருக்க அதுதான் வழி. அப்புறம்தான் ரேக். திறந்து கிடக்கற புக்க மூடாதீங்க, மூடியிருக்கறத திறக்காதீங்க, அழுத்திப் பிழியவே கூடாது, சேறு இருந்தா அந்த அவசரத்துல தேய்க்காதீங்க. கண்ணு முன்னாடி எப்படி இருக்கோ அப்படியே தூக்கி கிரேட்ல வைக்கறதுதான் அந்த நேரத்து வேலை.

கிட்டோட வர்ற சின்னக் கைப்புத்தகத்துல எனக்குப் பெரிய வருத்தம் இங்கதான். நனஞ்ச புக்க ஃபேன் போட்டுக் காய வைங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எந்தப் புக்க, எவ்வளவு நனஞ்சத? ஓரம் மட்டும் ஈரமான சாதா காகிதப் புக்குன்னா சரி, நிக்க வச்சு லேசா விசிறி மாதிரி விரிச்சு, ஃபேன நேரா புக் மேல அடிக்காம ரூம் காத்து சுத்தற மாதிரி வச்சு, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வந்து காய வைக்கலாம். ஹீட்டர் போடக்கூடாது, வெயில்ல போடக்கூடாது, சூடும் ஈரமும் சேர்ந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம், 48 மணி நேரத்துலேயே கிளம்பிடும். ஆனா வழவழப்பான ஆர்ட் பேப்பர் புக் இருக்கே, படம் போட்ட பெரிய புக்ஸ், அதோட பூச்சு தண்ணி பட்டதும் கோந்து மாதிரி இளகும், அப்படியே காய்ஞ்சா பக்கம் எல்லாம் ஒட்டி ஒரே கட்டையாயிடும், அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. அத காய விடாம ஈரத்தோடவே பையில போட்டு சில மணி நேரத்துக்குள்ள ஃப்ரீசருக்கு அனுப்பணும். கைப்புத்தகத்துல ஃப்ரீசர்ங்கற வார்த்தையே ஒரு இடத்துலதான் வருது, அதுவும் கடைசிப் பக்கத்துல.

ஃப்ரீசர் ஏன்னு புதுசா படிக்கறவங்களுக்காக சொல்றேன். உறைய வச்சா பூஞ்சை வளராது, மை மேல பரவாது, புக் மேல உப்பாது. குணமாகாது, ஆனா நமக்கு யோசிக்க டைம் கிடைக்கும், சில மாசம் வேணும்னாலும் அப்படியே வச்சிருக்கலாம். அப்புறம் வேக்குவம் சேம்பர்ல, அதாவது காத்த உறிஞ்சி எடுத்த மூடின அறையில வச்சு ஐஸ் தண்ணியா உருகாம நேரா ஆவியா போற மாதிரி காய வைப்பாங்க. 1966 நவம்பர் 4 இத்தாலியில ஃப்ளோரன்ஸ்ல ஆர்னோ ஆத்து வெள்ளம் தேசிய நூலகத்துக்குள்ள புகுந்தப்போ பத்து லட்சத்துக்கும் மேல புக்ஸும் பேப்பரும் சேறும் எண்ணெயுமா கிடந்துச்சு, இளவட்டப் பசங்க வரிசையா நின்னு கை மாத்தி கை மாத்தி வெளிய கொண்டு வந்தாங்க, சேத்து தேவதைகள்னே அவங்களுக்குப் பேரு. அப்போ இந்த உறைய வைக்கற வழி வழக்கத்துல இல்ல, புகையிலை உலர்த்தற சூளையிலயெல்லாம் வச்சுக் காய வச்சாங்க. இங்கிலாந்துலேருந்து அங்க போய் வேலை பார்த்த பீட்டர் வாட்டர்ஸ் போன்றவங்க அந்த அனுபவத்தை வச்சுத்தான் பின்னாடி நனஞ்ச புக்குக்கான முறைகளையே எழுதினாங்க. 1978-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மேயர் லைப்ரரியில தண்ணி மெயின் உடைஞ்சு ஏறத்தாழ 50,000 புக்ஸ் நனஞ்சப்போ உறைய வச்சு அப்புறமா காய வைக்க முடிஞ்சது. 1986-ல லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ட்ரல் லைப்ரரி தீயில 4 லட்சம் புக்ஸ் எரிஞ்சே போச்சு, தண்ணியில நனஞ்சு மிஞ்சினத ஃப்ரீசர் கிடங்குலதான் கொண்டு போய் வச்சாங்க.

அதனால கிட் வாங்கின அன்னிக்கே பண்ண வேண்டிய வேலை, பக்கத்துல எந்தக் குளிர்பதனக் கிடங்கு நனஞ்ச புக்ஸ வாங்கிக்கும்னு பேசி முடிச்சு நம்பர கார்டு பின்னாடி ஒட்டறது. சாப்பாட்டுச் சாமான் வைக்கற பல கிடங்குல அழுக்குத் தண்ணியில நனஞ்சத வாங்க மாட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு, அதனால முன்னாடியே கேட்டு வச்சாதான் அன்னிக்கு அலைய வேண்டியதில்ல. கொஞ்சமா நாலஞ்சு புக்னா வீட்டு ஃப்ரீசரே போதும், பனி சேராம தானா கரைக்கற வகை ஃப்ரீசர்ல மெதுவா வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல காய்ஞ்சும் போயிடும்.

தீ விஷயத்துக்கு இந்தக் கிட் பாதி அளவுக்குத்தான் உதவும், விளம்பரத்துல தண்ணியையும் தீயையும் சமமா போட்டிருக்காங்க, அது சரியில்ல. உள்ள ரெண்டு புகைக்கரி ஸ்பாஞ்ச் இருக்கு, ரப்பர் மாதிரி காய்ஞ்ச ஸ்பாஞ்ச், அத தண்ணி தொடாம ஒரே பக்கமா இழுத்துத் துடைச்சா அட்டையில படிஞ்ச கரிய நல்லா எடுக்குது. ஈரத்துணி வச்சாலோ வெறும் கையால தொட்டாலோ கரி உள்ள இறங்கிடும், போகவே போகாது. சாமான் நல்ல சாமான்தான், ஆனா ஒரு ரேக்குக்கே அந்த ரெண்டு பத்தாது. அதவிட, என்95 மாஸ்க் தூளத்தான் தடுக்கும், எரிஞ்ச பிளாஸ்டிக், ஒயர், பெயின்ட்லேருந்து வர்ற விஷவாயுவ தடுக்காதுங்கறத கொட்டை எழுத்துல போட்டிருக்கணும். தீயணைப்புக்காரங்க கட்டடத்த ஒப்படைக்கற வரைக்கும் கிட் பெட்டிய வெளியவே வச்சிருங்க. பழைய நைட்ரேட் ஃபிலிம் சுருள் (அந்தக் காலத்து சினிமா ஃபிலிம்) வச்சிருக்கற லைப்ரரின்னா இன்னும் ஒரு படி மேல, அது பத்திக்கிட்டா தண்ணியில முக்கினாக்கூட எரியும், அதுக்குப் பக்கத்துல போகற துணிச்சலே வேண்டாம்.

தீ அணைஞ்ச அப்புறம் பெரிய பிரச்சினை தண்ணிதான், இத நிறையப் பேர் எதிர்பார்க்கறதில்ல. 2004 செப்டம்பர்ல ஜெர்மனியில வைமர்ல அன்னா அமாலியா லைப்ரரி எரிஞ்சப்போ 50,000 புக்ஸ் போச்சு, தீயாலயும் தண்ணியாலயும் கெட்டது இன்னும் 62,000. 2021 ஏப்ரல்ல கேப்டவுன் பல்கலைக்கழகத்தோட ஜாகர் லைப்ரரியில வாசிப்புக்கூடம் முழுக்க எரிஞ்சது, ஆனா தீத்தடுப்புக் கதவு தானா இறங்கினதால அடித்தள ஸ்டோர் எரியாம தப்பிச்சது, தப்பிச்ச ஸ்டோர்ல அணைச்ச தண்ணி நின்னுச்சு. வாலன்டியர்ஸ் கிரேட் கிரேட்டா வெளிய எடுத்தாங்க. அந்த மாதிரி அளவுக்கு வந்துட்டா ஒரு தொட்டி கிட் ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு ஆளும் லாரியும் வேணும், கிட் முதல் மணி நேரத்துக்கு மட்டும்தான்னு தெரிஞ்சு வாங்குங்க.

ஸ்பிரிங்க்ளர், அதாவது தீ வந்தா கூரையிலேருந்து தானா தண்ணி தெளிக்கற மூக்கு, அது பத்தி ஒரு சந்தேகம் எப்பவும் வரும், தீ வந்தா எல்லா மூக்கும் ஒரே நேரத்துல திறந்து எல்லா புக்கையும் நனைச்சுடுமேன்னு. சாதாரணமா லைப்ரரியில போடற வகையில அப்படி இல்ல, எந்த இடத்துல சூடு ஏறுதோ அங்க இருக்கற மூக்கு மட்டும்தான் திறக்கும், அது கொட்டற தண்ணி தீயணைப்பு ஹோஸ்ல அடிக்கறதவிட ரொம்பக் கம்மி. பயந்து வேண்டாம்னு சொல்லாதீங்க.

கிட்ல இருக்கக் கூடாத ஒண்ணும் இருக்கு. பூஞ்சைக்கொல்லி ஸ்ப்ரே ஒரு பாட்டில். அத ரூம் தரைக்கும் இரும்பு ரேக்குக்கும் வேணா அடிங்க, புக் மேல அடிக்காதீங்க, காகிதத்துக்கும் கேடு, மூடின ரூம்ல அடிக்கற ஆளுக்கும் கேடு. பிளீச்சிங்கும் அப்படித்தான். அந்த பாட்டில நாங்க எடுத்துட்டோம், அந்த இடத்துல நைட்ரைல் (தண்ணி உள்ள விடாத செயற்கை ரப்பர்) கிளவுஸ் இன்னொரு பாக்ஸ் வச்சோம். துணி கிளவுஸும் ஒரு கட்டு குடுத்திருக்காங்க, ஈர வேலைக்கு அது ஆகவே ஆகாது, உடனே ஊறி அழுக்க கையிலேயே வச்சுக்கும். நைட்ரைல் ஏன்னு இன்னொரு காரணமும் இருக்கு, 19-ம் நூற்றாண்டு புக்ஸ்ல பளிச்னு பச்சைத் துணி பைண்டிங் இருந்தா அதுல ஆர்சனிக்ங்கற விஷம் கலந்த சாயம் இருக்கலாம். அமெரிக்காவுல வின்டர்தூர் மியூசியத்துல 2019-லேருந்து இத ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சுட்டு வர்றாங்க. அந்தச் சாயம் சும்மாவே உதிரும், ஈரக் கையோட தொட்டுட்டு அப்படியே முகத்துல கை வைக்காதீங்க.

கைப்புத்தகம் முழுக்க அச்சுப் புக்கப் பத்தித்தான். போட்டோ, கேசட், ஓலைச்சுவடி வச்சிருக்கறவங்களுக்கு அதுல ஒண்ணுமில்ல. கண்ணாடித் தகடு நெகட்டிவ உறைய வைக்கக்கூடாது, படம் மேல பார்க்கற மாதிரி வச்சு காத்துல காய வைக்கணும். ஆடியோ வீடியோ டேப்பையும் ஃப்ரீசர்ல போடாதீங்க. ஓலைச்சுவடி நனஞ்சா கீறலுக்குள்ள தேய்ச்ச கரி கரைஞ்சு போகலாம், எழுத்தாணி கீறின கோடு நிக்கும், அதனால எழுத்து போச்சேன்னு பதறித் துடைக்காதீங்க, வெயில்ல போட்டா ஓலை சுருண்டு விரிஞ்சுடும், நிழல்ல தட்டையா வச்சு தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க. இதெல்லாம் நாங்க தனியா ஒரு தாள்ல எழுதி கார்டு கூட சேர்த்து வச்சுட்டோம்.

இன்னொரு இல்லாத சாமான், எத முதல்ல எடுக்கணும்ங்கற லிஸ்ட். அத எந்தக் கம்பெனியும் உங்களுக்காக எழுத முடியாது, லைப்ரரியில இருக்கறவங்கதான் உக்காந்து பேசி எழுதணும். ஒரே காப்பி இருக்கறது எது, திரும்ப வாங்கவே முடியாதது எது, அது எந்த ரேக்ல எந்த அடுக்குல இருக்குன்னு ஃப்ளோர் பிளான்ல குறிச்சு வைங்க. இது இல்லாம கிட் பெட்டிய மட்டும் வச்சிருந்தா, வாசல்கிட்ட கைக்கு முதல்ல கிடைக்கற புக்கத்தான் எல்லாரும் தூக்குவாங்க, அது பெரும்பாலும் நாலு காப்பி இருக்கற பாடப்புத்தகமா இருக்கும். லிஸ்ட் இருந்தா உள்ள இருக்கற நேரமும் குறையும், ஆளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கிட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச சின்ன விஷயம் அந்த சீல். நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல், உடைச்சா தெரிஞ்சுடும். சீல் இல்லாத கிட் என்ன ஆகும்னு ஆபீஸ்ல வேலை பார்க்கற யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, கத்திரிக்கோல் ஒருத்தர் எடுப்பாரு, டார்ச் ஒருத்தர் எடுப்பாரு, ஒரு வருஷத்துல தொட்டி மட்டும் மிஞ்சும். பேட்டரிய லைட்டுக்குள்ள போடாம தனி கவர்ல ஒட்டி வச்சிருக்காங்க, உள்ளயே இருந்து ஒழுகி லைட்டக் கெடுக்காம இருக்க, அதுவும் யோசிச்சுப் பண்ணதுதான். பென்சிலும் தண்ணியில கரையாத தாளும் வச்சிருக்காங்க, ஈரத்துல பேனா எழுதாது, கிரேட் நம்பரும் எந்த ரேக்லேருந்து வந்ததுன்னும் அன்னிக்கு எழுதி வைக்கலேன்னா அப்புறம் புக் திரும்பி வந்தாலும் எங்க வைக்கறதுன்னு தெரியாது. கூடவே வந்த ஈரப்பதம் காட்டற மீட்டர் சின்னதுதான், ஆனா நம்ம பழைய மீட்டரோட பக்கத்துல வச்சுப் பார்த்தேன், நம்பிக்கையா காட்டுது.

யார் வாங்கணும்னு கேட்டா, ஸ்டாக் ரூமுக்கு மேல பைப்போ டாய்லெட்டோ போகற லைப்ரரி, அடித்தளத்துல ரேக் வச்சிருக்கற லைப்ரரி, ரெண்டும் யோசிக்காம வாங்கலாம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தொட்டி இருந்தா நல்லது, தண்ணி கொட்டும்போது லிஃப்ட் யூஸ் பண்ணக்கூடாது, இந்தத் தொட்டிய படியில தூக்கறது நடக்காத காரியம். அடித்தளத்துலேயே கிட் பெட்டிய வைக்காதீங்க, வெள்ளம் வந்தா முதல்ல அதுதான் மூழ்கும். சின்ன லைப்ரரின்னா தொட்டி, ஷீட், கிளிப், கிளவுஸ், என்95, ஹெட்லைட், மெழுகுத்தாள், கிரேட், பென்சில், சீல்னு நீங்களே சேர்த்துக்கலாம், அந்த அஞ்சு கேள்விக் கார்ட மட்டும் விடாம எழுதி மேல வைங்க.

ரீஃபில் பாக்கெட் தனியா விக்கறாங்க, முழு செட் வாங்க வேண்டாம், கிளவுஸும் மாஸ்க்கும் ஷீட்டும் மட்டும் வாங்கினா போதும். மாஸ்க்ல எக்ஸ்பயரி தேதி இருக்கும், அதோட பட்டையும் நாளாக நாளாக இளகிடும், கிளவுஸும் ரொம்ப நாள் சூட்டுல இருந்தா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ சீல உடைச்சு, எல்லாரையும் கூப்பிட்டு கிளவுஸ் மாஸ்க் போட்டு, ஒரு ரேக்குக்கு ஷீட் போர்த்திப் பார்த்துட்டு, புது நம்பர் சீல் போட்டு மூடி, அந்த நம்பர ரெஜிஸ்டர்ல எழுதிடுங்க.